அந்த வாரம் முதலில் வந்த பாட்டு

எங்கள் வீட்டு டிரான்சிஸ்டரில் மீன் கவிச்சி அடிக்கும். பழுப்பு நிறத் தோல் உறை போட்டது. பொடிப்பொடியாக ஓட்டை இருக்கிற பக்கத்தில் காதை வைத்தால், பாட்டு வருவதற்கு முன்னால் வாடைதான் வரும். வலையிலிருந்து மீன் கழற்றின கையோடுதான் நைனா அதைத் திருகுவார். அம்மா ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தாள், வெயிலில் வைத்துப் பார்த்தாள், போகவில்லை. “பாட்டு கேக்கத்தானே வாங்கியாந்தேன், மோந்து பாக்கவா?” என்பார் நைனா. எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஆந்திரா எல்லை கிட்டத்தில்தான்.

பழவேற்காடு ஏரி ஓரத்தில் எங்கள் குப்பம். கும்மிடிப்பூண்டிக்குப் போகவேண்டுமென்றால் மணலில் நடந்து, ஆரம்பாக்கம் ரோட்டில் ஏறி, பஸ்ஸோ லாரியோ எது நிற்கிறதோ அதில் போகவேண்டும். கரண்டு கிடையாது. எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு ஒன்பது வயது இருக்கும். குப்பத்துக்கே அந்த ஒரு டிரான்சிஸ்டர்தான் என்பதால் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசல் நிறைந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை “சிலோன்” வைப்பார்கள். கடலுக்கு அந்தாண்டை இருந்து வருகிற தமிழ் ரேடியோ. வாரத்துக்கு ஒரு தடவை பத்துப் பாட்டை வரிசை கட்டிப் போடுவார்கள். பத்தாவதில் ஆரம்பித்து ஒன்றாவதுக்கு வருவார்கள். எந்தப் பாட்டுக்கு ஜனங்கள் அதிகம் கார்டு போடுகிறார்களோ அது முதலில் நிற்கும். பாட்டைப் போடுவதற்கு முன்னால், விரும்பிக் கேட்டவர்கள் என்று சொல்லிப் பேர்களை ஊரோடு சேர்த்து வாசிப்பார்கள். வாசிக்கிறவர் குரல் நல்ல தேங்காயெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். எங்கள் குப்பத்துப் பேர் வரும்போது மட்டும் கொஞ்சம் தடுக்கும். அதற்கே எல்லாரும் கை தட்டுவார்கள்.

வலை பின்னிக்கொண்டே கேட்பார்கள். ஒரு நடிகர் கட்சி ஒரு பக்கம், இன்னொரு நடிகர் கட்சி இன்னொரு பக்கம். தங்கள் ஆள் பாட்டு மூன்றாவதிலிருந்து ஐந்தாவதுக்கு இறங்கிவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காத ஆட்கள் உண்டு. “உங்காளு பாட்டு இன்னா, ஏரித் தண்ணி வத்துற மாதிரி வத்திக்கினே போவுது?” என்று ஒருத்தன் கேட்பான். “உங்காளு பாட்டு வரவே இல்லியே, படகு கவுந்துச்சா?” என்று மற்றவன் கேட்பான். நைனா எந்தக் கட்சியும் இல்லை. கிளாரினெட் வருகிற பாட்டெல்லாம் அவருக்குப் பிடிக்கும்.

பட்டணத்தில் ராத்திரி என்றால் ஆயிரம் இருக்கும். எங்களுக்கு இருந்தது இரண்டு. ஒன்று கும்மிடிப்பூண்டி சினிமாக் கொட்டகை, அதுவும் மீன் நன்றாக விழுந்த மாசத்தில். இன்னொன்று பங்குனியில் அம்மன் திருவிழாவுக்கு வருகிற “ரெக்கார்டு டான்ஸ்”. மைக்செட்டில் சினிமாப் பாட்டுத் தட்டைப் போடுவார்கள். கேஸ் லைட் வெளிச்சத்தில் பெண்கள் ஜிகினாப் பாவாடை கட்டிக்கொண்டு ஆடுவார்கள். எங்கள் கரையோரக் குப்பங்களில் அதற்கு ஒரு வழக்கம் இருந்தது. அந்த வாரம் சிலோனில் எந்தப் பாட்டு முதலில் வந்ததோ, அதுதான் கடைசி ஆட்டம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரேடியோவில் கேட்ட பாட்டு, அன்றைக்கு விளக்கு வைத்தபிறகு மேடையில் நடக்கவேண்டும். பக்கத்துக் குப்பத்து ஆட்களும் அதற்காகவே வந்து உட்கார்ந்திருப்பார்கள். அந்த ஆட்டம் எடுபட்டால் அங்கேயே வெற்றிலை பாக்கு வைத்துத் தங்கள் ஊருக்குக் கூப்பிடுவார்கள். எடுபடாவிட்டால் அந்தக் கும்பல் மூட்டையைக் கட்டிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். ஆட்டக்காரிகளுக்கு மொத்தப் பிழைப்பும் அந்த ஒரு பாட்டில் இருந்தது.

அந்த வருஷம் கார்த்திகை மாசம் நைனா போய்விட்டார்.

முகத்துவாரம் பக்கம் போன படகு. காற்று திடீரென்று மாறியது. மூன்று பேர். நைனா, குப்பத்துத் தலைவர் தேசப்பன் மகன், இன்னொருவர். நான்காவதாகப் போகவேண்டியவர் கஜா. அவருக்கு அன்றைக்குக் காய்ச்சல். வீட்டிலேயே படுத்திருந்தார். நைனாவை அண்ணா அண்ணா என்று சுற்றிக்கொண்டே இருப்பவர். காய்ச்சல் விட்டு எழுந்தபோது அவருக்கு யார் என்ன சொன்னார்களோ, அதன்பிறகு அவர் பேச்சே குறைந்துபோனது.

பொங்கலுக்கு ஒரு படம் வந்தது. அதில் ஒரு பாட்டு. கரையில் நிற்கிற பெண் ஒருத்தி, திரும்பி வராத படகைப் பற்றிக் காற்றிடம் கேட்கிறாள், விளக்கிடம் கேட்கிறாள். ஆனால் மெட்டு மட்டும் துள்ளும். தபேலாவும் கிளாரினெட்டும் ஓடிப் பிடித்து விளையாடுகிற மாதிரி இருக்கும். சொல் ஒரு பக்கம் அழும், தாளம் ஒரு பக்கம் குதிக்கும். அந்தக் காலத்துப் பாட்டு சிலது அப்படித்தான்.

கஜா அந்தப் பாட்டைப் பிடித்துக்கொண்டார். ஆரம்பாக்கம் தபாலாபீசில் கார்டு வாங்கி வந்து எழுதினார். இளவட்டங்களும் சேர்ந்து எழுதினார்கள். கையெழுத்துப் போட்டது தங்கள் பேரில் இல்லை. போன மூன்று பேர் பேரில். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. செத்தவர் பேரில் கோயிலில் விளக்கு போடுவதில்லையா, அந்த மாதிரி என்று நினைத்திருப்பார்கள். பேர் ஒரு தடவை காற்றில் வந்தால் போதும் என்று இருந்திருக்கும்.

தை மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கஜாவும் நாலு பேரும் எங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். டிரான்சிஸ்டரை நான்தான் தூக்கி வந்து கொடுத்தேன். பாட்டு ஆறாவதில் வந்தது. அதற்கு முன்னால் அந்த வழுக்குகிற குரல் வாசித்தது. விரும்பிக் கேட்டவர்கள் என்று சொல்லிவிட்டு எங்கள் குப்பத்துப் பேரைச் சொன்னது. அதோடு ஏழுமலை என்றது.

ஏழுமலை எங்கள் நைனா.

அம்மா உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தாள். ஈரக்கையோடு வந்தாள். யாரையும் திட்டவில்லை. டிரான்சிஸ்டரை எடுத்தாள், பேட்டரிக் கட்டைகளைக் கழற்றி மணலில் போட்டாள். பெட்டியைப் பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் வைத்தாள். கஜா, “அண்ணி...” என்றார். அம்மா அரிசி களையப் போய்விட்டாள்.

அதற்குப்பிறகு இளவட்டங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆரம்பாக்கம் ரோட்டு டீக்கடைக்கு நடந்து போய்க் கேட்டார்கள். பாட்டு மேலே ஏறிக்கொண்டே போனது. நாலு, மூணு, ரெண்டு என்று வந்து சொல்வார்கள். மாசி முடிவதற்குள் ஒன்றாவதுக்கு வந்துவிட்டது. குப்பமே அதை எங்கள் பாட்டு என்று சொல்லிக்கொண்டது. அம்மா டிரான்சிஸ்டரை இறக்கவில்லை.

பங்குனி வந்தது. மூன்று சாவு விழுந்த வருஷத்தில் திருவிழா வேண்டுமா என்று பேச்சு வந்தது. அம்மனைக் கும்பிடாமல் விட்டால் இன்னும் கோபம் வரும், நடத்தித்தான் ஆகவேண்டும் என்று தேசப்பன் சொன்னார். பிள்ளையைக் கொடுத்தவரே சொன்னதால் எல்லாரும் சரி என்றார்கள். டான்ஸ் கும்பலுக்கும் சொல்லி அனுப்பினார்கள். வழக்கமாக வருகிற கும்பல் வேறு எங்கேயோ போய்விட்டது. இது நெல்லூருக்கும் அந்தாண்டையிலிருந்து வந்தது. பாபுராவ் என்ற மேனேஜர் ஒருவருக்கு மட்டும் அரைகுறைத் தமிழ் வரும்.

ஆட்டக்காரிகளை எங்கே தங்க வைப்பது என்று ஒவ்வொரு வருஷமும் பேஜாருதான். திருவிழாவுக்குக் காப்புக் கட்டின பிறகு எல்லா வீடும் சுத்தபத்தமாக இருக்கும். ஆட்டக்காரிகளை யாரும் உள்ளே சேர்க்கமாட்டார்கள். அந்த வருஷம் வழி சுலபமாகக் கிடைத்தது. தாலி அறுத்த வீடு என்பதால் எங்கள் வீட்டில் ஒரு வருஷத்துக்குச் சாமி காரியம் கிடையாது. கெடுவதற்கு ஒன்றும் இல்லாத வீடு. “ஆதிலட்சுமி ஊட்ல எறக்குங்க” என்று முடிவு செய்துவிட்டு, ஒரு மரக்கால் அரிசியோடு ஆள் அனுப்பினார்கள். அம்மாவை யாரும் கேட்கவில்லை. நாலு மாசமாகவே அவளை யாரும் எதையும் கேட்டதில்லை. வந்து சொல்வார்கள், போவார்கள்.

சனிக்கிழமை வந்து இறங்கினார்கள். மூன்று பெண்கள், பாபுராவ், இரண்டு தகரப் பெட்டி, ஒரு கைக்குழந்தை. மேடையில் பார்த்தால் சினிமாக்காரிகள் மாதிரி இருப்பவர்கள், பகலில் எங்கள் சித்தி பெரியம்மா மாதிரிதான் இருந்தார்கள். வந்ததும் கிணற்றடியில் துணி துவைத்தார்கள். ஒருத்தி காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு தூங்கினாள். நன்றாக ஆடுகிறவள் பேர் மாலா. குழந்தை அவளுடையது. வெறும் முகத்தில் அம்மைத் தழும்பு தெரிந்தது. எங்கள் உத்தரத்தில் தூளி கட்டி, ஆட்டி விடச் சொல்லி என் கையில் கயிற்றைக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாலா அம்மாவிடம் வந்தாள். அம்மா மீன் கூடை எடுத்துக்கொண்டு சூளூர்ப்பேட்டைச் சந்தைக்குப் போகிறவள். தெலுங்கு தெரியும்.

“அக்கா, ரேடியோ உந்தா?” என்றாள் மாலா. இந்த ஊரில் கடைசிப் பாட்டுக்கு என்ன ஆடவேண்டும் என்று தெரியவில்லை, பாட்டை ஒரு தடவை முழுசாகக் கேட்டால்தான் உடம்பில் ஏறும், மைக்செட்டுக்காரர் மத்தியானத்துக்கு மேல்தான் வருவாராம் என்றாள். அப்புறம் ஒரு வார்த்தை சொன்னாள். “உனக்கு இஷ்டம் இருந்தால் கொடு அக்கா. இல்லாவிட்டால் வேண்டாம்.”

அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, “கோமளா, ஏணி எடுத்தா” என்று என்னிடம் சொன்னாள்.

பாபுராவின் டார்ச்சிலிருந்து கட்டைகளைக் கழற்றிப் போட்டோம். வேட்டியைப் பிரித்ததும் கவிச்சி வந்தது. இரண்டு மாசம் மூடி வைத்தும் போகவில்லை. மாலா மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அம்மா உறையைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

பத்தாவது பாட்டிலிருந்து கேட்டோம். ஒவ்வொரு பாட்டுக்கும் மாலாவின் கால் விரல் மட்டும் ஆடியது. கடைசியாக ஒன்றாவது பாட்டு. குரல் பேர்களை வாசித்தது. யாழ்ப்பாணம், மதுரை, எங்கெங்கோ உள்ள பேர்கள். நடுவில் எங்கள் குப்பம். தேசப்பன் மகன் பேர். இன்னொருவர் பேர். ஏழுமலை. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா நிறுத்தவில்லை. பாட்டு வந்தது. கிளாரினெட் எடுத்ததும் மாலா எழுந்துவிட்டாள். எங்கள் முற்றத்து மணலில் ஒரு சுற்று சுற்றினாள். அவளுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. தாளம்தான் புரிந்தது. முகமெல்லாம் சிரிப்பு.

பாட்டு முடிந்ததும் மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தாள். “இது என்ன பாட்டு அக்கா? முன்னால யார் யார் பேரையோ படிச்சாங்களே, அது யாரு?” என்று தெலுங்கில் கேட்டாள்.

அம்மா வாயைத் திறந்தாள், மூடினாள். சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன்.

“பெள்ளி பாட்டா” என்றாள். கல்யாணப் பாட்டு என்று அர்த்தம்.

“அப்போ அந்தப் பேரெல்லாம்? கல்யாணத்துக்கு வந்தவங்களா?”

“ஆமா.”

மாலாவுக்கு அது சரியாகப் பட்டது. கல்யாண வீட்டில் மொய் வைத்தவர்கள் பேரை மைக்கில் வாசிப்பது எல்லா ஊரிலும் நடக்கிறதுதானே. “உங்க ஊர்க்காரங்க பேரும் வந்துச்சே?” என்றாள்.

“எங்க ஊட்டுக்காரரும் போயிருக்காரு” என்றாள் அம்மா.

மாலா அம்மாவின் வெறும் நெற்றியைப் பார்த்தாள். எழுந்து கால் மணலைத் தட்டிக்கொண்டாள்.

மைக்செட் வந்ததும் அந்தத் தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். கோயில் திடலும் எங்கள் முற்றமும் ஒரு வேலிக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம். மாலா கல்யாண ஆட்டம் கட்ட ஆரம்பித்தாள். பெண் தலை குனிந்து வருகிறாள். மாப்பிள்ளை ஓரக்கண்ணால் பார்க்கிறான். பெண்ணுடைய மாமன் குடித்துவிட்டு வந்து பந்தலில் சண்டை போடுகிறான். எல்லாரும் அவளே. அந்த மாமன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு தள்ளாடி, தூணை மனுஷன் என்று நினைத்துக் கும்பிடு போட்டானே, அப்போது அம்மா சிரித்துவிட்டாள். சத்தமாக. வாயைக் கையால் பொத்தியும் நிற்கவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். “எங்க கல்யாணத்துல எங்க சின்ன மாமன் இதேதான் பண்ணுச்சு” என்றாள்.

நாலு மாசத்தில் நான் கேட்ட முதல் சிரிப்பு. வேலிக்கு அந்தப் பக்கம் தண்ணீர்க் குடத்தோடு போன ஒருத்தி நின்று பார்த்துவிட்டு வேகமாகப் போனாள்.

பெண் வேஷத்துக்கு மாலாவிடம் இருந்த சிவப்புப் புடவை கிழிந்திருந்தது. ஊசி கேட்டாள். அம்மா உள்ளே போய் இரும்புப் பெட்டியைத் திறந்து தன் கல்யாணப் புடவையை எடுத்து வந்து கொடுத்தாள். அரக்குச் சிவப்பு, மஞ்சள் கரை. மாலா வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

விளக்கு வைத்ததும் ஆட்டம் ஆரம்பித்தது. நான் வேலி ஓரத்தில் அம்மா பக்கத்தில் இருந்தேன். அம்மா திடலுக்குப் போகக்கூடாது. எங்கள் முற்றத்து இருட்டிலிருந்தே பார்த்தாள். நாலைந்து பாட்டு நன்றாகவே போனது. விசில் பறந்தது. பிறகு பாபுராவ் மைக்கைப் பிடித்து, “இந்த வாரம் பஸ்ட்டு வந்த பாட்டு” என்றார். திடல் அமைதியாகிவிட்டது. ஆம்பிளைகள் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். எல்லாரும் அழுவதற்குத் தயாராக இருந்தார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

மாலா கல்யாணப் பெண்ணாக வந்தாள்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. மாப்பிள்ளை ஓரக்கண்ணால் பார்த்தபோது சலசலப்பு வந்தது. அந்தப் புடவையைப் பெண்களுக்குத் தெரியும். “அடிப்பாவி, அது ஆதி பொடவ” என்று ஒரு குரல் கேட்டது. குடிகார மாமன் வருவதற்குள் கஜா ஓடிப்போய் மைக்செட்டில் தட்டின் முள்ளைத் தூக்கிவிட்டார். ஒலிபெருக்கியில் கீச்சென்று ஒரு சத்தம். பாட்டு நின்றது.

“இன்னாடி நெனச்சிக்கினு ஆடுற? எங்க பாட்டுக்குக் குலுக்குறியா?” என்று கஜா கத்தினார். இரண்டு மூன்று பேர் எழுந்தார்கள். யாரோ மண்ணை வாரி மேடைமேல் இறைத்தார்கள். பாபுராவ் கையெடுத்துக் கும்பிட்டு, “அய்யா, அய்யா, தப்பு, தெலீது, தெரியாது” என்றார். மாலா புடவைத் தலைப்பைப் பிடித்தபடி நின்றாள். என்ன தப்பு என்று அவளுக்குத் தெரியவில்லை. வீட்டில் தூளியில் குழந்தை விழித்து அழுதது.

தேசப்பன் எழுந்தார். “யார்றா இவள இந்தப் பாட்டுக்கு இப்டி ஆடச் சொன்னது?”

அம்மா வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு போனாள். நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டே போனேன். கேஸ் லைட் வெளிச்சத்தில் அவள் வெள்ளைப் புடவை கண்ணைக் கூசவைத்தது. ஆம்பிளைகள் விலகினார்கள். மேலே பட்டுவிடக்கூடாது என்று விலகினார்கள்.

“நான்தான் மாமா” என்றாள்.

“ஏம்மா ஆதி, நீ இங்க வரலாமா?”

“வந்துட்டேன். அவளுக்குத் தமிழ் தெரியாது. இன்னா பாட்டுன்னு கேட்டா. கல்யாணப் பாட்டுன்னு நான் சொன்னேன். பொடவையும் நான் குடுத்ததுதான்.”

கஜா பக்கத்தில் வந்தார். “அண்ணி, இது அண்ணன் பாட்டு. வாராவாரம் கார்டு போட்டு மேல ஏத்தி வெச்சிருக்கோம். நீயே இப்டிப் பண்ணலாமா?”

“நீ கார்டு போட்ட. எனக்குத் தெரியும்பா. வாராவாரம் உங்கண்ணனக் கூப்ட்டுக் கூப்ட்டு அழ வெக்கிற. அவரு அழுது நீ பாத்துக்கிறியா? அந்தப் பீப்பீ சத்தம் கேட்டா அவரு இன்னா பண்ணுவாரு, சொல்லு.”

நைனா என்ன பண்ணுவார் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். கிளாரினெட் வந்தால் வலையைப் போட்டுவிட்டு எழுந்து இடுப்பை ஒரு வெட்டு வெட்டுவார்.

அம்மா தேசப்பன் பக்கம் திரும்பினாள். “அழுவுறதுக்கு நாங்க கீறோம் மாமா. அவ ஆட வந்தவ. இப்ப தொரத்தி உட்டா இந்தக் கரையில ஒரு குப்பத்துலயும் அவளச் சேக்க மாட்டாங்க. கைக்கொழந்தக்காரி. தப்புன்னா எனக்குத் தண்டம் போடுங்க. அவ ஆடிட்டுப் போவட்டும்.”

திடலில் குழந்தை அழுவது மட்டும் கேட்டது. தேசப்பன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். மறுபடி துடைத்தார். அப்புறம் கஜாவைப் பார்த்து, “போடுறா” என்றார்.

மைக்செட்டுக்காரர் கை நீட்டினார். கஜா அவரைத் தடுத்துவிட்டு, தானே முள்ளை எடுத்து வைத்தார். அது தவறித் தட்டின் நடுவில் விழுந்தது. பாட்டு பாதியிலிருந்து வந்தது. மாலா அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையை ஆட்டினாள்.

பாதியிலிருந்து ஆடினதால் குடிகார மாமன்தான் முதலில் வந்தான். தள்ளாடினான். தூணைக் கும்பிட்டான். யாரும் விசில் அடிக்கவில்லை. யாரும் எழுந்து போகவுமில்லை. தேசப்பன் சம்சாரம் பெண்கள் வரிசையில் முதலில் உட்கார்ந்திருந்தது. மகன் போன நாளிலிருந்து யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்காத மனுஷி. அது முந்தானையை வாயில் திணித்துக்கொண்டது. தோள் குலுங்கியது. சிரிக்கிறதா அழுகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. அதைப் பார்த்து இன்னொருத்தி. பிறகு ஆம்பிளைகள் பக்கத்தில் யாரோ ஒருவர் “ஏழுமல மாமன் ஆடுற கணக்காவே கீது” என்றார். அங்கே சிரிப்பு வந்தது. அப்புறம் என்ன, திடல் முழுக்க வந்துவிட்டது.

பக்கத்துக் குப்பத்துக்காரர்கள் அங்கேயே வெற்றிலை வைத்தார்கள்.

மறுநாள் காலை பாபுராவ் மாலாவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். புடவையை மடித்து எடுத்து வந்தாள். அம்மா முன்னால் நின்றாள். “அபத்தம் செப்பாவு அக்கா” என்றாள். பொய் சொன்னாய் என்று.

“ஆமா” என்றாள் அம்மா.

மாலா பெட்டி கட்டி முடிக்கும்வரை குழந்தையை அம்மா மடியில் போட்டுவிட்டுப் போனாள். அது அம்மாவின் மூக்கைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. வண்டி கிளம்பியதும் டிரான்சிஸ்டரைப் பரணில் வைக்கலாமா என்று நான் கேட்டேன். “கெடக்கட்டும்” என்றாள். கட்டைகளை பாபுராவ் கழற்றிக்கொண்டு போகவில்லை.

தண்டம் போடவில்லை. ஆனால் சில பெண்கள் ரொம்ப நாள் அம்மாவோடு பேசவில்லை. அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போனாள், வந்தாள். கஜா கார்டு எழுதுவதை நிறுத்திவிட்டார். அடுத்த வாரம் அந்தப் பாட்டு மூன்றாவதுக்கு இறங்கியது. “நம்ம கார்டு போவல, அதான்” என்றார். சிலோனுக்கு எத்தனை ஊரிலிருந்து மூட்டை மூட்டையாகக் கார்டு போயிருக்கும். அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவர் எங்கள் வாசலில் உட்கார்ந்துதான் அதைக் கேட்டார். அம்மா அவருக்கு டீ கொடுத்தாள்.

நான் வளர்ந்து கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனிக்குப் பேக்கிங் வேலைக்குப் போனேன். கல்யாணம், பிள்ளைகள், எல்லாம் ஆயிற்று. அம்மா போய்ப் பல வருஷம். ரெக்கார்டு டான்ஸைப் போலீஸ் விடுவதில்லை என்று ஆகி, அப்படியே இல்லாமல் போனது. ஞாயிற்றுக்கிழமை சிலோன் இல்லை. கார்டு எழுதி ஒரு பாட்டை மேலே தூக்குகிற ஆட்கள் இல்லை. எங்கள் குப்பத்தில் பாதிப் பேர் படகை விட்டுவிட்டு ஷிப்டுக்குப் போகிறார்கள். டிரான்சிஸ்டர் என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. பாடாது. மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் இன்னும் லேசாக வாடை வருகிறது, அல்லது எனக்கு அப்படித் தோன்றுகிறது.

வயசு அறுபதைத் தாண்டியும் காண்ட்ராக்டில் பெருக்கித் துடைக்கிற வேலைக்குப் போய்வருகிறேன். போன மாசம் கம்பெனி வேனில் டிரைவர் போனில் பழைய பாட்டு வைத்திருந்தார். நடுவில் அந்தப் பாட்டு வந்தது. முன் சீட்டுப் பெண்கள், “அய்யோ, சோகப் பாட்டு, மாத்துங்கண்ணா” என்றார்கள். என் பக்கத்தில் ஒரிசாவிலிருந்து வந்து வேலை செய்கிற பெண் உட்கார்ந்திருந்தாள். இருபது வயசுகூட இருக்காது. ஊரை விட்டு வந்து சில மாசம்தான். எப்போதும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பாள். கிளாரினெட் வந்ததும் அவள் விரல் மடியில் தாளம் போட்டது.

என்னைப் பார்த்து, இது என்ன பாட்டு என்று இந்தியில் கேட்டாள். கம்பெனியில் கற்றுக்கொண்ட இந்தி எனக்குக் கொஞ்சம் வரும்.

“ஷாதி கா கானா” என்றேன். கல்யாணப் பாட்டு.

அவள் சிரித்தாள். டிரைவரிடம் பாட்டை மாற்ற வேண்டாம் என்று சொன்னேன்.